வெளிப்பாட்டிய ஓவியங்களில் மனித உருவமும் இயற்கையும்: மூங்க், கிர்ஷ்னர், மார்க்

ஆய்வுச் சுருக்கம்

வெளிப்பாட்டிய ஓவியத்தில் இயற்கை என்பது ஓவியனின் அகவுணர்வு ஏற்றப்பட்ட புறவெளி என்னும் கருத்து பரவலாக வழங்கிவருகிறது. எட்வர்ட் மூங்க், எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர், ஃப்ரான்ஸ் மார்க் ஆகிய மூவரின் படைப்புகளுக்கு இக்கருத்து எந்த அளவு பொருந்துகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. உருவத்தை அதன் சூழலிலிருந்து பிரித்துக் காட்டும் புறவரைகோடே இவ்வாய்வின் அலகாகக் கொள்ளப்படுகிறது. அக்கோடு நெகிழ்வதும், பொதுவாவதும், கிழிவதுமாகிய நிலைகள் உணர்வேற்றம் என்னும் விளக்கத்திற்குள் அடங்குவதில்லை என்பது கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: வெளிப்பாட்டியம், புறவரைகோடு, தற்குறிப்பேற்றம், மனித உருவம், இயற்கை, டை ப்ரூக்கெ, நீலக் குதிரைவீரன்.

முன்னுரை

எக்ஸ்பிரஷனிசம் என்னும் கலை இயக்கத்திற்குத் தமிழில் வெளிப்பாட்டியம் என்னும் பெயர் வழங்குகிறது. உள்ளே இருப்பது வெளியே வருதல் என்னும் பொருளை அப்பெயரே சுமந்து நிற்கிறது. அதனால் இவ்வியக்க ஓவியங்களைக் காணும்போது, கலைஞனின் மனத்துயர் வானத்தின் நிறமாயிற்று, அவனது அச்சம் மலையின் வளைவாயிற்று என்று விளக்கம் கூறுவது எளிதாகிவிடுகிறது. தமிழ் அணியிலக்கணம் பயின்றவர்க்கு இவ்விளக்கம் மேலும் எளிது. இயல்பாக நிகழும் நிகழ்ச்சியின்மேல் புலவன் தன் கருத்தை ஏற்றிக் கூறுவதைத் தண்டியலங்காரம் தற்குறிப்பேற்றம் என்கிறது. மதுரை மதில்மேல் காற்றில் அசையும் கொடிகள், கோவலனையும் கண்ணகியையும் வரவேண்டா எனத் தடுப்பனபோல் அசைந்தன என்று சிலப்பதிகாரம் கூறுவதை இதற்குச் சான்றாகக் காட்டாத வகுப்பறை இல்லை. அங்கே கொடியின் அசைவு காற்றினால் நேர்வது; தடுத்தல் என்னும் பொருளோ புலவன் தந்தது. கொடி கொடியாகவே இருக்கிறது. கோவலன் கோவலனாகவே இருக்கிறான். இரண்டுக்கும் இடையிலான எல்லை மாறவில்லை.

மேற்கத்திய அழகியலிலும் இதற்கு இணையான கருத்துகள் உண்டு. தியோடோர் லிப்ஸ் விரித்துரைத்த ஒன்றியுணர்தல் கோட்பாட்டின்படி, காண்பவன் தன் உயிர்ப்பைப் பொருளினுள் செலுத்தி, அங்கே தன்னையே கண்டு மகிழ்கிறான். 1908இல் நூலாக வெளிவந்த 'அருவமாக்கலும் ஒன்றியுணர்தலும்' என்னும் ஆய்வில் வில்ஹெல்ம் வொரிங்கர் இக்கோட்பாட்டின் எல்லையைச் சுட்டினார். உலகோடு இணக்கமாக வாழும் மனிதனுக்கே ஒன்றியுணர்தல் இயலும் என்றும், புறவுலகைக் கண்டு அஞ்சும் மனிதன் வடிவங்களை உயிரியக்கத்திலிருந்து பிரித்து அருவமாக்குகிறான் என்றும் அவர் வாதிட்டார். பண்டைய எகிப்தியக் கலையையும் இடைக்கால வடபுலக் கலையையும் மனத்திற்கொண்டு எழுதப்பட்ட இந்நூலைத் தங்களுக்காகவே எழுதப்பட்டதுபோல் அக்கால இளம் ஓவியர்கள் வரவேற்றனர். அந்த வரவேற்பே ஒரு சான்று. தங்கள் ஓவியம் இயற்கையோடு கொண்ட இணக்கத்திலிருந்து பிறந்தது என அவர்கள் கருதியிருந்தால், அச்சத்தைக் கலையின் ஊற்றாகக் காட்டும் நூல் அவர்களை அவ்வளவு ஈர்த்திராது.

அலறலைக் கேட்பவன்

மூங்க்கின் 'அலறல்' (1893) உலகில் மிகுதியாகப் படியெடுக்கப்பட்ட ஓவியங்களுள் ஒன்று. மிகுதியாகப் பிழைபடப் பார்க்கப்பட்டவற்றுள்ளும் ஒன்று. பாலத்தின்மேல் நின்று ஒருவன் அலறுகிறான், அவன் அலறலால் வானமும் நிலமும் அதிர்கின்றன என்பது பொதுப் பார்வை. மூங்க்கின் குறிப்பு இதற்கு மாறானது. கதிரவன் மறையும் வேளையில் இரு நண்பர்களோடு நடந்து செல்கையில் வானம் குருதிச் சிவப்பாக மாறியதாகவும், தாம் சோர்ந்து வேலியில் சாய்ந்து நிற்க நண்பர்கள் தொடர்ந்து நடந்ததாகவும், அப்போது இயற்கையினூடே முடிவற்ற அலறல் ஒன்றைத் தாம் உணர்ந்ததாகவும் 1892 ஜனவரியில் அவர் எழுதினார். 1895ஆம் ஆண்டுக் கல்லச்சுப் படிகளில் இக்கருத்தையே ஜெர்மன் மொழியில் பொறித்தார். அலறுவது இயற்கை. முன்னிற்கும் உருவமோ இரு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டிருக்கிறது. அதன் வாய் திறந்திருப்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் தான் எழுப்பும் ஒலிக்காக எவரும் தன் காதைப் பொத்துவதில்லை.

இதனை ஓவியக் குறிப்பை மட்டும் நம்பிக் கூறவேண்டியதில்லை. 1892இல் மூங்க் வரைந்த 'மனமுறிவு' என்னும் ஓவியத்தோடு ஒப்பிட்டால் போதும். அதே சாய்ந்த பாதை, அதே கைப்பிடி வேலி, அதே சிவந்த வானம், விலகிச் செல்லும் அதே இருவர். முன்னே நிற்பவன் மட்டும் வேறு. தொப்பியணிந்து, பக்கவாட்டில் திரும்பி, தலை தாழ்த்தி வேலியில் சாய்ந்திருக்கும் நகரத்து ஆடவன் அவன். வானம் எவ்வளவு சிவந்தாலும் அவனது உடலின் புறவரைகோடு கலையாமல் இருக்கிறது. துயருற்றவன் ஒருவன், அவன் துயரத்திற்கு இசைந்த வானம் ஒன்று என இங்கே பிரித்துச் சொல்ல முடியும். தற்குறிப்பேற்றம் என்னும் விளக்கம் இவ்வோவியத்திற்குப் பெருமளவு பொருந்தவே செய்கிறது.

ஓராண்டில் நிகழ்ந்த மாற்றம் முகத்தைப் பற்றியது மட்டுமன்று. 'அலறல்' ஓவியத்தில் உருவம் காண்போரை நோக்கித் திரும்புகிறது. தொப்பி போயிற்று, தலைமுடி போயிற்று, ஆண், பெண் என்னும் வேறுபாடும் போயிற்று. எலும்பின் உறுதியின்றி வளையும் அவ்வுடலின் கோடு, கடற்கழியின் வளைவோடும் வானின் அலைகளோடும் ஒரே போக்கில் செல்கிறது. ஓவியத்தில் நேராக நிற்பவை இரண்டே: வேலியும், அதனருகே நிமிர்ந்து செல்லும் நண்பர்களும். அவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. அவர்களின் புறவரைகோடு உறுதியாக இருப்பதனாலேயே கேட்கவில்லை எனக் கொள்ளலாம். வண்ணமே இல்லாத கல்லச்சுப் படியில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. குருதிச் சிவப்பு நீங்கிய பின்னும் ஓவியத்தின் ஆற்றல் குறையவில்லை. எனவே அந்த ஆற்றல் நிறத்தைவிடக் கோட்டிலேயே மிகுதியாக உள்ளது.

1883இல் கிரகட்டோவா எரிமலை வெடித்தபின் வளிமண்டலத்தில் பரவிய துகள்களால் ஐரோப்பிய மாலை வானங்கள் சிவந்ததையே மூங்க் நினைவில் வைத்து வரைந்தார் எனக் கூறுவோரும் உளர். வானத்தை முழுவதும் மனத்திற்குள் வைப்பதற்கு எதிரான மறுமுனை இது. இரு விளக்கங்களும் ஒரே பிழையைச் செய்கின்றன. வானம் மனத்திற்கு உரியதா, வளிமண்டலத்திற்கு உரியதா என அவை வழக்காடுகின்றன. ஓவியமோ அவ்வழக்கிற்கு அடிப்படையான உள், வெளி என்னும் பகுப்பையே நெகிழ்த்திவிட்டது. 1893ஆம் ஆண்டு ஓவியத்தின் வானப்பகுதியில், பைத்தியக்காரன் ஒருவனால் மட்டுமே இதை வரைந்திருக்க முடியும் என்னும் பொருளில் பென்சிலால் எழுதப்பட்ட ஒரு வரி உண்டு. அது மூங்க்கின் கையெழுத்தே என்று நார்வே தேசிய அருங்காட்சியகம் 2021இல் அறிவித்தது. தம்மைப் பற்றிப் பிறர் கூறக்கூடிய உளவியல் விளக்கத்தைத் தாமே ஓவியத்தின்மேல் எழுதிவைத்த இச்செயலில் கசப்பான எள்ளல் இருக்கிறது.

மோரிட்ஸ்பர்க் ஏரிக்கரை

1905 ஜூன் 7ஆம் நாள் ட்ரெஸ்டன் நகரில் கட்டடக்கலை மாணவர் நால்வர் தொடங்கிய குழு டை ப்ரூக்கெ, அதாவது பாலம். கிர்ஷ்னர், எரிக் ஹெக்கல், கார்ல் ஷ்மிட்-ரோட்லுஃப், ஃப்ரிட்ஸ் ப்ளைல் ஆகியோர் அந்நால்வர். 1909 முதல் 1911 வரையிலான கோடைகளில் கிர்ஷ்னரும் ஹெக்கலும் ட்ரெஸ்டனுக்கு அருகிலுள்ள மோரிட்ஸ்பர்க் ஏரிகளுக்குச் சென்று, ஆடையின்றி நீராடுவோரை வரைந்தனர். 1910ஆம் ஆண்டுக் கோடையில் மாக்ஸ் பெக்ஷ்டைனும் உடன் சென்றார்.

கலைக்கழகங்களில் மாதிரி அசையாது நிற்க, மாணவர் பல நாட்கள் வரைவது அன்றைய முறை. இக்குழுவினர் அதனைக் கைவிட்டு, கால்மணி நேரத்திற்கு ஒருமுறை நிலை மாறும் உடலை விரைந்து வரையப் பழகினர். இப்பயிற்சியே மோரிட்ஸ்பர்க் ஓவியங்களின் இலக்கணமாயிற்று. ஓடும் உடலை ஒரே இழுப்பில் பிடிக்கும் கை, அதே விரைவில் நாணலையும் பிடிக்கிறது. ஒரு காலின் கோடும் ஒரு நாணல் தண்டின் கோடும் ஒரே அழுத்தத்தில், ஒரே தடிப்பில் அமைகின்றன. மூங்க்கின் உருவம் இயற்கைக்குத் தன் எல்லையை இழந்தது. கிர்ஷ்னரின் உருவமோ இயற்கையோடு தன் கோட்டைப் பகிர்ந்துகொள்கிறது. உடலுக்கு இளஞ்சிவப்பு, புல்லுக்குப் பச்சை என்னும் முறையும் கட்டாயமன்று. உடலில் பச்சையும் நிலத்தில் சிவப்பும் தாராளமாக வருகின்றன. உணர்வை நிலத்தின்மேல் ஏற்றுவதற்கு இங்கே நிலத்தினின்று விலகி நிற்கும் ஒருவன் இல்லை.

தமிழ் ஆய்வாளர் இவ்விடத்தில் திணைக் கோட்பாட்டை நினைவுகூர்வது இயல்பு. ஒப்புமை ஓரளவே செல்லும். முதலும் கருவும் உரியும் இயைவது தமிழில் மரபின் வழியாக; புலவன் எழுதத் தொடங்குமுன்பே குறிஞ்சி புணர்தலுக்கு உரியதாக இருக்கிறது. கிர்ஷ்னருக்கு அத்தகைய மரபு ஏதும் கிட்டவில்லை. ஏரிக்கரையில் கழித்த சில வாரங்களில், தூரிகையின் விரைவைக் கொண்டே அவர் அந்த இயைபை உண்டாக்க வேண்டியிருந்தது. கோடை முடிந்ததும் அவர்கள் நகரத்திற்கே திரும்பினர்.

அந்த இயைபுக்கு விலையும் இருந்தது. அதைப் பேசாமல் இவ்வோவியங்களைப் புகழ்வது நேர்மையாகாது. இயற்கையோடு ஒன்றிய மனிதன் என்னும் படிமத்தின் ஒரு பகுதி ஏரியிலிருந்தன்று, அருங்காட்சியகத்திலிருந்து வந்தது. ட்ரெஸ்டன் இனவியல் அருங்காட்சியகத்தில் இருந்த பலாவு தீவின் செதுக்கிய வீட்டு உத்தரங்களைக் கிர்ஷ்னர் பார்த்து வரைந்தார். 1910ஆம் ஆண்டளவில் அவர் வரைந்த நீராடுவோரின் கோணல் உடல்களிலும் தட்டையான வண்ணப் பரப்புகளிலும் அவ்வுத்தரங்களின் தாக்கம் தெரிகிறது. பலாவு 1899 முதல் ஜெர்மனியின் ஆட்சியின்கீழ் இருந்த நிலம். கட்டுப்பாடற்ற இயற்கை வாழ்வு எனக் கிர்ஷ்னர் கண்டது, அத்தீவினர் தம் மரபின் கதைகளை ஒழுங்குறச் செதுக்கிய கட்டடக்கலை. கட்டடக்கலை பயின்ற ஒருவர் இதைக் கவனிக்கத் தவறியது வியப்பே.

இரண்டாவது விலை இன்னும் கடுமையானது. இவ்வோவியங்களில் மீண்டும் மீண்டும் தோன்றும் ஃப்ரென்சி என்னும் மாதிரி 1900இல் பிறந்த சிறுமி. ஓவியர்களிடம் வந்தபோது அவளுக்கு வயது ஏறத்தாழ ஒன்பது. நாணலும் உடலும் ஒன்றே என்னும் அழகியல் கோட்பாட்டில் நாணலின் ஒப்புதலை எவரும் கேட்பதில்லை. அக்கோட்பாட்டின்கீழ் ஒரு குழந்தையின் ஒப்புதலும் கேட்கப்படவில்லை. அவளது இயல்பான தன்மை, மாசின்மை என்றெல்லாம் நீண்டகாலம் கலை வரலாற்றாசிரியர் எழுதியவை, இயற்கை என்னும் சொல்லைக் கொண்டு இக்கேள்வியைத் தள்ளிவைத்தவையே.

மாட்ரிட் நகரின் தைசன்-போர்னமிசா அருங்காட்சியகத்தில் உள்ள 'செதுக்கிய நாற்காலியின் முன் ஃப்ரென்சி' (1910) இதனை ஓவியத்திற்குள்ளேயே காட்டிவிடுகிறது. சிறுமி நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னே, பெண்ணுருவாகச் செதுக்கப்பட்ட நாற்காலியின் முதுகுப்பகுதி எழுகிறது. மரத்தாலான அப்பெண்ணுக்கு மனிதத் தோலின் இளஞ்சிவப்பு. உயிருள்ள சிறுமியின் முகத்திற்கோ முகமூடிபோன்ற பச்சை. வண்ணங்கள் இடம் மாறியதில் மரம் உடலாயிற்று, உடல் முகமூடியாயிற்று. எனினும் அப்பச்சை முகத்தின் கண்கள் காண்போரை நேராகப் பார்க்கின்றன. ஏரிக்கரை ஓவியங்களில் பெரும்பாலான உருவங்களுக்கு முகம் என ஒன்று அமைவதில்லை. ஓரிரு கீற்றுகளே உண்டு. இங்கே முகம் அமைந்தவுடன், பகிர்ந்த கோடு என்னும் இணக்கம் குலைகிறது. கிர்ஷ்னரின் அக்கால ஓவியங்களுள் இதுவே சிறந்தது எனக் கூறத் தோன்றுவது அதனால்தான்.

1911இல் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தபின் கிர்ஷ்னரின் கோடு முள்ளாகிறது. 'தெருவில் ஐந்து பெண்கள்' (1913) ஓவியத்தில் கருநிற ஆடையும் இறகு சூடிய தொப்பியும் அணிந்த பெண்கள், மஞ்சட்பச்சைப் பின்புலத்தில் இரைதேடும் பறவைகள்போல் நிற்கின்றனர். அதே ஆண்டுகளின் கோடையில் அவர் ஃபெமார்ன் தீவில் நீராடுவோரை வரைந்துகொண்டிருந்தார் என்பது கருதத்தக்கது. 'கடலுள் செல்வோர்' (1912) ஓவியத்தின் அலைகளிலும் பெர்லின் தெருவின் ஆடைகளிலும் கூரிய நெருங்கிய கீற்றுகளைக் காணலாம். நகரம் துன்பம், இயற்கை விடுதலை என்னும் வழக்கமான எதிர்வு ஓவியரின் சொற்களில் இருக்கலாம், கையில் இல்லை. அவரது சொற்களைப் பொறுத்தவரை எச்சரிக்கையும் தேவை. லூயி த மார்சால் என்னும் பிரெஞ்சு விமர்சகரைத் தாமே கற்பனையாகப் படைத்து, அப்பெயரில் தம் படைப்புகளைத் தாமே பாராட்டி எழுதியவர் அவர்.

ஒரு விதிவிலக்கு

வியன்னாவின் ஏகான் ஷீலெயை இங்குச் சுட்டாமல் விடுவது முறையன்று. காற்றில் நடுங்கும் அவரது இலையுதிர்கால மரங்கள் (1912) மெலிந்த மனித உடல்களாகவே நிற்கின்றன. மலையிலும் நீரிலும் மரத்திலும் மனித உடலின் அசைவுகளை ஒத்தவற்றையே தாம் காண்பதாக 1913ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் அவர் குறிப்பிட்டார். இங்கே மனித உடலே அளவுகோல். மரம் அதற்கு ஒப்புமை. தற்குறிப்பேற்றம் என்னும் விளக்கம் ஷீலெயின் நிலக்காட்சிகளுக்குப் பொருந்துகிறது. அது இயக்கம் முழுமைக்கும் பொருந்தும் எனக் கொள்வதே பிழை.

மனிதன் நீங்கிய ஓவியம்

ஷீலெக்கு நேர் எதிர்முனையில் நிற்பவர் மார்க். கந்தின்ஸ்கியோடு இணைந்து 1911இல் நீலக் குதிரைவீரன் குழுவைத் தொடங்கியவர் அவர். விலங்குகளை நம் கண்ணுக்கு உரிய நிலக்காட்சியில் கொண்டுவந்து வைக்கும் வழக்கத்தை அவர் வறுமையானது என்றார். ஒரு குதிரைக்கு, ஒரு மானுக்கு உலகம் எவ்வாறு தோன்றும் என்னும் கேள்வியை எழுப்பினார். மனிதனை அளவுகோலாகக் கொள்வதையே கைவிடும் கேள்வி அது. 'பெரிய நீலக் குதிரைகள்' (1911) ஓவியத்தில் மூன்று குதிரைகளின் கழுத்தும் முதுகும் வளையும் போக்கிலேயே பின்னுள்ள சிவந்த குன்றுகளும் வளைகின்றன. 'அலறல்' ஓவியத்தில் கண்ட அதே முறைதான். ஆனால் இங்கே அச்சமில்லை. இயற்கையோடு ஒரே கோட்டில் இணைய மூங்க்கின் மனிதன் தன் உருவத்தையே இழக்க வேண்டியிருந்தது. குதிரைக்கு அவ்விழப்பு நேரவில்லை.

இவ்வமைதியும் நெடுநாள் நிலைக்கவில்லை. மனிதனிடம் அழகின்மையைக் கண்டு விலங்கிடம் சென்றதாகவும், பின்னர் விலங்கிடமும் அதையே கண்டதாகவும் 1915 ஏப்ரலில் போர்க்களத்திலிருந்து மனைவிக்கு எழுதிய கடிதத்தில் மார்க் கூறினார். 1913இல் வரைந்த 'விலங்குகளின் விதி' அத்திருப்பத்தின் ஓவியம். காட்டினுள் மூலைவிட்டமாகப் பாயும் ஒளிக்கற்றைகள் கத்திகள்போல் அனைத்தையும் வெட்டுகின்றன. நடுவே நீல மான் ஒன்று, சாய்ந்து விழும் மரத்தின் அடியில் கழுத்தை மேல்நோக்கி வளைத்து நிற்கிறது. இடப்பக்கம் மேலே பச்சைக் குதிரைகள். கீழே சிவந்த காட்டுப்பன்றிகள். கோடு இப்போது உருவத்தை வரையறுப்பதுமில்லை, நிலத்தோடு இணைப்பதுமில்லை. மரத்தையும் விலங்கையும் வேறுபாடின்றிக் கடந்துசெல்கிறது.

மரங்கள் தம் வளையங்களையும் விலங்குகள் தம் நரம்புகளையும் காட்டின என்னும் பொருளுடைய நீண்ட தொடரையே மார்க் இதற்கு முதலில் தலைப்பாக எண்ணியிருந்தார். இப்போதுள்ள தலைப்பு நண்பர் பால் க்ளே சொன்னது. க்ளேயின் தலைப்பு சுருக்கமானது, நினைவில் நிற்பது. ஆயினும் அதில் மரங்கள் விடுபட்டுவிட்டன. வெட்டுண்ட மரத்தின் வளையமும் தோல் உரிந்த விலங்கின் நரம்பும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள் என்பதே மார்க்கின் எண்ணம். உயிரின் உட்பகுதி இங்கே வெளிப்படத்தான் செய்கிறது. உணர்வாக அன்று, காயமாக. வெளிப்பாடு என்னும் சொல்லை இவ்வோவியத்திற்கு வழங்குவதாயின் இப்பொருளிலேயே வழங்கவேண்டும்.

1915இல் இவ்வோவியம் அச்சிடப்பட்ட அஞ்சலட்டை ஒன்று போர்முனையில் மார்க்கின் கைக்கு வந்தது. நடந்துகொண்டிருக்கும் போரின் முன்னுணர்வுபோல் அது தோன்றுவதாகவும், தாமே இதை வரைந்தோம் என நம்ப இயலவில்லை என்றும் அவர் எழுதினார். 1916 மார்ச் 4ஆம் நாள் வெர்தூன் களத்தில் அவர் இறந்தார். அதே ஆண்டில் கிடங்கு ஒன்றில் ஏற்பட்ட தீயில் ஓவியத்தின் வலப்பக்கம், ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதி, சேதமுற்றது. அதைப் பின்னர்ச் சீரமைத்தவர் க்ளே. மார்க்கின் கோடுகளை அவர் விட்ட இடத்திலிருந்து இறுதிவரை கொண்டுசென்ற க்ளே, வண்ணங்களைத் திரும்பக் கொண்டுவர முயலவில்லை. அப்பகுதியை மங்கிய பழுப்பு நிறத்திலேயே விட்டார். பாசல் கலை அருங்காட்சியகத்தில் இன்று அவ்வோவியத்தின் முன் நிற்பவர், நீலமும் சிவப்பும் முடிந்து பழுப்பு தொடங்கும் இடத்தைத் தெளிவாகக் காணலாம். அங்கே இளம் விலங்குகள் சில ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன.